அன்னம் பேசாது

பிஷ்கெக்கில் ஒரு பிரசவ மருத்துவமனையின் ரத்தப் பிரிவில், மேஜைக்கு அடியில், வலேரா இருந்தான். வலேரா மனிதன் அல்ல, ஒரு நிரல். அதை எழுதிய வலேரா என்ற மனிதன் எப்போதோ கசானுக்குக் குடிபெயர்ந்து, அங்கே தூண்டில் விற்பதாகக் கேள்வி. அவன் விட்டுப்போன நிரலும் அது ஓடிய பழைய பெட்டியும் அவன் பெயரை எடுத்துக்கொண்டன.

வலேராவுக்கு ஒரே வேலை. மருத்துவர் ஒரு ரத்த வகையைத் தட்டினால், அந்த வகைக் கொடையாளிகளைப் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவான். சளி பிடித்த ஏதோ ஒரு நாளில் அந்த மனிதன் பதிவு செய்த குரல் பேசும்: "சலாம். ரத்தம் வேணும். வர்றியா? வர்றேன்னா ஒண்ணு அமுக்கு. வரலைன்னா ரெண்டு அமுக்கு. சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா திரும்பச் சொல்லுவேன்." திரும்பச் சொல்லவும் செய்வான். ஒன்றை அமுக்கும்வரை மனிதர்களை விடமாட்டான்.

அந்தப் பிரிவின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொண்ட சமாத், ஒரே ஒரு முறை வலேராவைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறான். ரத்த வகைகளுக்கு மந்தி, லக்மான், சம்சா, பிலாவ் என்று சாப்பாட்டுப் பெயர்கள் வைத்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதியிருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதே. ஏன் என்று எனக்கும் தெரியாது.' சமாத் மரியாதையாக மூடி வைத்துவிட்டான். அதன்பின் தூசி தட்டுவதோடு சரி.

இப்படியே போயிருக்கும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, சமாத்தின் மனைவி பெர்மெத்துக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதாகவும், பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகலாம் என்றும் டாக்டர் ஜிபெக் சொன்னார். பெர்மெத்தின் ரத்தம் முதல் வகை, நெகட்டிவ், அதாவது ஓ நெகட்டிவ். நம் ஊரில் அது அபூர்வம். அதற்கு அதே ரத்தம்தான் ஏற்ற முடியும். சேமிப்பில் இல்லை. "பயப்படாதே, அன்னிக்கு வலேரா இருக்கான்ல, யாரையாவது இழுத்துட்டு வந்துடுவான்" என்றார் டாக்டர்.

இரண்டாவது, அரசு நேர்த்தி நிறுவனத்திலிருந்து வந்த ஆணை. மருத்துவமனைகளில் உள்ள எல்லா நிரல்களும் இனி அந்த நிறுவனம் உருவாக்கிய 'அக்கூ' என்ற மொழியில்தான் இருக்க வேண்டும். அக்கூ என்றால் அன்னம்.

நிறுவனத்திலிருந்து ரவ்ஷான் என்பவர் வந்தார். நாற்பது வயது, சாம்பல் நிறக் கோட்டு, பேசுமுன் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். வேலை தொடங்குமுன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். ஜன்னலில் தொங்கிய பச்சைத் திரையைக் கழற்றச் சொன்னார். பிறகு வலேராவை மேஜைக்கடியிலிருந்து இழுத்து, அரக்கு முத்திரை வைத்து, நாற்றமடிக்கும் பூனையைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி வண்டியில் வைத்தார்.

புதிய நிரல் மொத்தம் ஏழு வரி. ரவ்ஷான் அதைத் திரையில் காட்டுமுன் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"பாருங்க. ஒரு எழுத்து அதிகம் இல்லை, ஒரு எழுத்து குறைவும் இல்லை. எங்க டைரக்டர் இதைப் பாத்துட்டு ரெண்டு நாள் யார்கூடவும் பேசலை."

சமாத்துக்கு உண்மையாகவே அழகாகத்தான் தெரிந்தது. பெர்மெத்தின் ரத்த வகையைத் தட்டினான். திரை வெண்மையானது. நடுவில் ஒரு அன்னம் தோன்றிக் கழுத்தை வளைத்து நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

"வேலை செய்யலையே, பைக்கே" என்றான், அண்ணனை அழைக்கும் முறையில்.

"செஞ்சு முடிச்சிடுச்சு."

"அப்போ பதில் எங்கே?"

"உள்ளே இருக்கு."

"வெளியே எப்போ வரும்?"

ரவ்ஷான் கண்ணை மூடித் திறந்தார். "வெளியே வர்றதுதான் தம்பி அசுத்தம். ஒரு நிரல் போன் பண்ணினா, மணி அடிச்சா, திரையில எழுதினா, அது வெளியுலகத்தைத் தொட்டுடுது. தொட்டதுக்கப்புறம் என்ன நடக்கும்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. வெளியுலகம் அப்படிப்பட்டது. அக்கூ யோசிக்கும். யோசிச்சது சரின்னு நாங்க நிரூபிச்சுக் காட்டுவோம். இதுக்கு மேல என்ன வேணும்?"

"கொடையாளி யாருன்னு டாக்டருக்குத் தெரியணுமே."

"டாக்டருக்குத் தெரிஞ்சா அக்கூ இன்னும் அழகாயிடுமா?"

சமாத் மறுபடி அதே வகையைத் தட்டிப் பார்த்தான். ரவ்ஷான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அன்னம் திரையில் நின்றுகொண்டிருந்தது.

பெர்மெத் மேற்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் பிழைப்பு. அன்று மாலை வயிற்றின்மேல் தேநீர்க் கிண்ணத்தை வைத்தபடி முழுக் கதையையும் கேட்டாள்.

"நானும் ஒரு நாள் அக்கூ மாதிரி உக்காந்துடறேன். எந்த பஸ் எங்கே நிக்குதுன்னு எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன். ஓஷ் ஊருக்குப் போற பஸ் அழகா காலியாப் போய்ச் சேரும்."

"சிரிக்காதே, பெர்மெத்."

"சிரிக்காம? அழுதா உன் அன்னம் ஓடி வந்துடுமா?" என்றவள், பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "சமாத், அந்தச் சளிமூக்கனைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுவேல்ல?"

"வாங்கிட்டு வந்துடறேன்" என்றான்.

அவன் சும்மா இருக்கவில்லை. உறவினர் எல்லோருடைய ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னான், ஒன்றும் பொருந்தவில்லை. போனில் உள்ள எல்லாக் குழுக்களிலும் செய்தி போட்டான். வேறு வகை ரத்தத்தோடு நல்ல மனம் படைத்த இரண்டு பேரும், மலைத்தேன் விற்கும் ஒருவரும் வந்தார்கள். கொடையாளிகளின் பெயர்களோ வலேராவின் வயிற்றுக்குள் இருந்தன. வலேரா நிறுவனத்தில் இருந்தான். அக்கூவின் வயிற்றுக்குள்ளும் இருந்தன. அதைத்தான் கேட்க முடியாது.

ஆகவே சமாத் நிறுவனத்துக்குப் போனான்.

வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். சிந்திப்பவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்கக்கூடாது. வருகிறவர்கள் எல்லோரும் பனியில் சறுக்குவதுபோல் சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு போனார்கள். முதல் மாடியில் அடைப்புக்குறித் துறை. இரண்டாம் மாடியில் பெயர் சூட்டும் துறை. அங்கே பன்னிரண்டு பேர் ஒரு மேஜையைச் சுற்றி மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டல் என்ற செயலுக்குக் கூட்டல் என்று பெயர் வைப்பது கொச்சையாக இருக்குமா என்பதைப் போன இலையுதிர் காலத்திலிருந்து யோசிக்கிறார்களாம்.

மூன்றாம் மாடியில் இருந்தது தெரிவித்தல் பிரிவு. அங்கே ரவ்ஷானே உட்கார்ந்திருந்தார்.

"பைக்கே, நான் போன வாரம் ஒரு மனு கொடுத்தேன். ஒண்ணு, வலேராவைத் திருப்பிக் கொடுங்க. இல்லேன்னா அக்கூவை வாயைத் திறக்க விடுங்க."

"தெரியும். உங்க மனு மேல முடிவெடுத்தாச்சு."

சமாத்துக்கு மூச்சு வந்தது. "என்ன முடிவு?"

"அதைச் சொல்ல முடியாது."

"ஏன்?"

"நிறுவனமும் அக்கூவோட கொள்கைப்படிதான் நடக்கணும்னு டைரக்டர் போன வருஷம் உத்தரவு போட்டார். நாம ஒண்ணைப் போதிச்சுட்டு வேற மாதிரி நடந்துக்கலாமா? இங்க எல்லா முடிவும் சரியா எடுக்கப்படும். வெளியே போகாது."

"அப்போ இந்தப் பிரிவுக்கு ஏன் தெரிவித்தல்னு பேரு?"

"பேர் இன்னும் ரெண்டாவது மாடியில இருக்கு" என்றார் ரவ்ஷான் வருத்தத்தோடு. "தற்காலிகப் பேர்தான் இது."

"என் பொண்டாட்டிக்கு இந்த மாசம் பிரசவம், பைக்கே. ரத்தம் கிடைக்கலேன்னா..."

ரவ்ஷான் இந்த முறை கண்ணை மூடவில்லை. கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். "என் தங்கைக்கும் போன வருஷம்தான் குழந்தை பொறந்துச்சு. புரியுது தம்பி. ஆனா என்ன முடிவுன்னு எனக்கே தெரியாது. என்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணு பண்ணுங்க. வியாழக்கிழமை பெரிய ஹால்ல வலேராவை அணைக்கிற நிகழ்ச்சி. அதைப் பராமரிச்சவர்ங்கிற முறையில உங்களையும் கூப்பிட்டாகணும். டைரக்டரை அங்க நேரா பாத்துக் கேளுங்க."

வியாழக்கிழமை காலை பெர்மெத்தை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அவள் அம்மா சோனுனைத் துணைக்கு விட்டுவிட்டு, சமாத் ஹாலுக்குப் போனான். அறுவை சிகிச்சை அடுத்த வாரம் என்றுதான் டாக்டர் குறித்திருந்தார், முன்னெச்சரிக்கையாகத்தான் சேர்த்தார்கள்.

மேடையில், வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல், வலேரா போன் கம்பியும் மாட்டி ஓடிக்கொண்டிருந்தான். அணைப்பதற்கு முதலில் ஓட வேண்டும் அல்லவா. டைரக்டர் காசிம்பெக் ஆலிமோவிச் தன் கையாலேயே மின்கம்பியை உருவுவார் என்று அறிவித்தார்கள். அவர் வெள்ளைத் தலைமுடியும் நேரான முதுகும் உடைய மனிதர்; அரங்கு முழுக்க எழுந்து நின்றது, கம்பளிச் செருப்புகளில், சத்தமில்லாமல்.

முதலில் குற்றம் வாசிக்கப்பட்டது. ரவ்ஷான் வலேராவின் நிரலை உரக்கப் படித்தார்.

"லக்மான் காலியாக இல்லாவிட்டால், சம்சாவை எடு. சம்சா போனை எடுக்காவிட்டால், கொஞ்சம் பொறு, திரும்ப அதே சம்சா."

அரங்கில் சிரிப்பு. முன்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதைத் தொடாதே. ஏன் என்று எனக்கும் தெரியாது."

சிரிப்பு நின்று, ஒரு அதிர்ச்சிப் பெருமூச்சு எழுந்தது. பின்வரிசையில் யாரோ "ஐயோ பாவமே" என்றார்கள்.

சமாத் எழுந்து நின்றான். "அகாய்," என்று ஆசிரியரை அழைக்கும் முறையில் அழைத்தான். "ஒரு வார்த்தை. அது அசிங்கமாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கூப்பிடுது. ஜனங்க வர்றாங்க."

காசிம்பெக் ஆலிமோவிச் அவனைக் கனிவோடு பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. கனிவோடுதான் பேச்சைத் தொடங்கினார்.

"சகாக்களே, இந்த இளைஞர் கேட்கிறது புதுசில்லை. பயன், பயன்னு கேட்டு என் வாழ்க்கை முழுக்க என்னைப் புண்படுத்தியிருக்காங்க. அலா-தோ மலையைப் பாத்து யாராவது உன்னால என்ன பயன்னு கேட்கிறாங்களா? நான் பெருமையாச் சொல்றேன். இந்த நிறுவனம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் எதையும் செஞ்சு கொடுத்ததில்லை. அதனாலதான் நம்ம பேர்ல ஒரு தப்பு கூட இல்லை!"

கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவே சமாத்தின் போன் அதிர்ந்தது. சோனுன்.

"மருமகனே, ரத்தம் போக ஆரம்பிச்சிடுச்சு. உள்ளே தூக்கிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் அக்கூவைத் தட்டினாங்க, ஏதோ வாத்து வந்து நிக்குது. ஏன்டா வாத்து நிக்குது? ஆளைக் கூப்பிடச் சொல்லுடா அதை!"

சமாத் யோசிக்கவில்லை. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். கம்பளிச் செருப்பு வழுக்க, மேடைப் படியில் முழங்காலை இடித்துக்கொண்டு மேஜையைப் பிடித்தான். விசைப்பலகைமேல் இருந்த அரக்கு முத்திரையைப் பிய்த்தெறிந்தான்.

"அணைக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை, அகாய். என் பொண்டாட்டி செத்துட்டிருக்கா."

முதல் வகை. நெகட்டிவ். தட்டிவிட்டு வேண்டிக்கொண்டு நின்றான். வலேரா பழைய மின்விசிறியைச் சுழற்றிக் கனைத்தான்.

காசிம்பெக் ஆலிமோவிச் தண்ணீர் குடித்தார். ஒரு நிமிடம் பொறுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. "பாத்தீங்களா, சகாக்களே," என்று மெல்லத் தொடர்ந்தார். "இதுதான் அவசரம். உண்மையான நிரலுக்கு அவசரமே கிடையாது. அது யாரையும் தொந்தரவு செய்யாது, யாரோட பேச்சையும் நடுவுல..."

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

எரிச்சலோடு எடுத்தவர், பேச்சின் நடுவே இருந்ததால், ஒலிவாங்கிக்கு அருகிலேயே காதில் வைத்தார். சளி பிடித்த குரல் ஹால் முழுக்க எதிரொலித்தது.

"சலாம். ரத்தம் வேணும். வர்றியா? வர்றேன்னா ஒண்ணு அமுக்கு."

அரங்கு முழுக்க டைரக்டர் பக்கம் திரும்பியது.

அவருக்கே மறந்துபோன விஷயம் அது. ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில் ரத்தம் கொடுத்தால் ஒரு நாள் விடுப்பு கிடைக்கும். மீன் பிடிக்க இசிக்-கூல் ஏரிக்குப் போகலாம். அதற்காகப் பெயர் கொடுத்திருந்தார். நிரலை எழுதிய வலேராவும் அதே ஏரிக்குப் போகிறவனாக இருந்திருக்கலாம், யார் கண்டது.

"என் பேச்சு இன்னும் முடியலை" என்றார் காசிம்பெக் ஆலிமோவிச் போனிடம்.

"சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா திரும்பச் சொல்லுவேன். சலாம். ரத்தம் வேணும்."

அவர் அரங்கைப் பார்த்தார். கையில் பாதி மிச்சமிருந்த உரையைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற சமாத்தின் முகத்தைப் பார்த்தார்.

ஒன்றை அமுக்கினார்.

"ரஹ்மத்," என்று நன்றி சொன்னான் வலேரா. "சீக்கிரம் வா."

சமாத்தின் பழைய காரில், மார்ச் மாதச் சேற்றுப் பனியில், கம்பளிச் செருப்போடேயே போனார்கள். மருத்துவமனைப் படுக்கையில் படுத்து ஊசி ஏறிய பிறகுதான் டைரக்டர் வாய் திறந்தார்.

"அந்த வாசகத்துல ஒரு மரியாதைச் சொல் கூட இல்லை. 'வர்றியா'வாம். நான் கல்விக்கழக உறுப்பினர்."

"ஆமா, அகாய்."

"ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுது. நேர்த்தியே இல்லை."

"இல்லை, அகாய்."

பிறகு தயக்கத்தோடு கேட்டார். "இப்பவும் ஒரு நாள் விடுப்பு கொடுக்கிறாங்களா?"

ரத்தம் விரைவுச் சோதனைக்குப் போய், அங்கிருந்து உள்ளே போனது. சமாத் தாழ்வாரச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். நிறுவனத்தின்மேல் வந்த கோபம் எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. ஒலிபெருக்கியில் பேருந்துகளைச் சொல்லும் அந்தக் குரல் மட்டும் காதுக்குள் இருந்தது. ஓஷ் வண்டி, நான்காம் மேடை. ஓஷ் வண்டி, நான்காம் மேடை.

கதவு திறந்தது. தலைத்துணி அவிழ்ந்து தொங்க சோனுன் ஓடி வந்தாள்.

"சூயுன்சூ! சூயுன்சூ!"

நல்ல சேதியோடு வருகிறவர் கூவும் கூவல் அது. சேதியைக் கேட்டவர் பரிசு கொடுத்தாக வேண்டும். மறுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

"பொண்ணு! ரெண்டு பேரும் பிழைச்சாச்சு!"

சமாத் அழுதுகொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி மாமியாரின் கையில் வைத்தான். அவள் அதோடு நிற்கவில்லை. தேநீர் குடித்து, போர்சொக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளைத் தின்றுகொண்டு படுக்கையில் சாய்ந்திருந்த டைரக்டரிடம் போய் நின்றாள்.

"சூயுன்சூ, காசிம்பெக் ஆலிமோவிச்! உங்க ரத்தம் வேலை செஞ்சிடுச்சு!"

அவர் முகம் மலர்ந்தது. ஏதோ ஒன்று வேலை செய்தது என்று அவரிடம் வந்து யாரும் சொன்னதே இல்லை போலும். கையைப் பைகளில் விட்டுத் தேடினார். உரையின் தாள்கள்தான் இருந்தன.

"என்ன வேணும் கேளுங்க, எஜே" என்றார், அக்கா முறை வைத்து.

"அந்தச் சளிமூக்கனைக் கொடுங்க."

"அது காட்சிப்பொருள். அரசு முத்திரை வெச்சது. அதுக்கு ஒரு குழு..."

சோனுன் நீட்டிய கையை மடக்கவே இல்லை. செவிலிகள் எல்லாம் கூடிவிட்டார்கள். மலைகளைச் சாட்சிக்குக் கூப்பிட்ட மனிதரால் ஒரு புதுப் பாட்டியின் கையைத் தாண்டிப் போக முடியவில்லை.

"எடுத்துக்கோங்க" என்றார்.

அன்று மாலையே வலேரா தன் பழைய இடத்துக்கு, மேஜைக்கு அடியில், வந்துவிட்டான். மேஜைமேல் அதிகாரப்பூர்வமாக அக்கூதான் இருந்தது. யாராவது ஆய்வுக்கு வந்தால் வலேராவின்மேல் ஒரு குழந்தைப் போர்வையைப் போர்த்திவிட வேண்டும் என்று டாக்டர் ஜிபெக் வாய்மொழியாக உத்தரவு போட்டார்.

அடுத்த மாதம் நிறுவனம் இந்தச் சம்பவத்தை முறைப்படி ஆராய்ந்தது. அறிக்கை வெளியே வரவில்லை. முடிவுகள் வெளியே வருவதில்லை. ஆனால் ரவ்ஷான், ரத்தப் பிரிவுக்குப் போர்சொக் சாப்பிட வந்த சாக்கில், கதவைச் சாத்திவிட்டு அதன் கடைசிப் பத்தியை நினைவிலிருந்து சொன்னார். அன்று மருத்துவமனையில் டாக்டர் தட்டிய அதே நொடியில், அக்கூவும் பொருத்தமான கொடையாளி காசிம்பெக் ஆலிமோவிச் என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தது. அதுவும் வலேராவைப்போல் அல்லாமல், டைரக்டரின் உரைக்கு எந்த இடையூறும் செய்யாமல். ஆகவே அக்கூவின் மேன்மை மறுபடி நிரூபணமாகிறது.

சமாத் கையில் இருந்த கிண்ணத்தை டொக்கென்று வைத்தான். "பைக்கே, அன்னிக்கு அதை மட்டும் நம்பியிருந்தா என் பொண்ணுக்கு இன்னிக்கு அம்மா இல்லை."

"அறிக்கையில அதுக்கு இடமில்லை, தம்பி. நான் கேட்டுப் பாத்தேன்." ரவ்ஷான் இன்னொரு போர்சொக் எடுத்தார். போகும்போது, போர்வைக்கு அடியில் மின்விசிறி சுழலும் சத்தத்தைக் கேட்காதவர்போலத் தாண்டிப் போனார்.

கோடையில் ஒரு நாள் டைரக்டரே சமாத்தைப் போனில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். கூட்டத்திலிருந்து வெளியே வந்து பேசுகிறார் என்று தெரிந்தது.

"குழந்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா, அகாய். பெர்மெத் வேலைக்குக் கூடப் போக ஆரம்பிச்சிட்டா."

"சந்தோஷம். வேற ஒண்ணும் இல்லை. உங்க வலேரா... இப்பவும் என்னைக் கூப்பிட்டான். போறேன், போகாம என்ன. வண்டி கூட வந்தாச்சு. ஆனா பாருங்க, சரியா நான் பேச எழுந்திரிக்கிற நேரமாப் பாத்துக் கூப்பிடறான். என் பேச்சு நேரத்துல மட்டும் கூப்பிடாம இருக்கிற மாதிரி உள்ளே ஏதாவது மாத்த முடியுமா?"

சமாத் மேஜைக்கு அடியில் பார்த்தான். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"முடியாது, அகாய்" என்றான். "தொடாதேன்னு எழுதியிருக்கு."